தொப்பியைத் தொலைத்த தவில்

செட்டைப் பூட்டி முடித்து, அப்பாவின் கசெற்றைப் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்த அந்த இரவு இன்னும் நினைவில் இருக்கிறது. தவிலின் வலந்தலையில் விரற்கூடு விழுகிற சத்தம் மட்டும் பளீர் பளீரென்று காதைக் குத்தியது. மறுபக்கமான, கும்மென்று ஒலிக்கவேண்டிய தொப்பியைக் காணவில்லை. பூவரசங் கழி விழவேண்டிய இடத்தில் பிஸ்கட் தகரத்தைத் தட்டுகிற மாதிரி வெறும் சத்தம். வாசித்துக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1975இல் மறைந்துபோன அந்த மேதையின் வாசிப்பை அப்பா நேரில் கேட்டவர். வானொலியில் போனபோது பதிந்துவைத்த அந்த நாடாவை எனக்கு ஒரு சொத்தாகவே விட்டுப்போனார். அதை ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்றுதான் என் பணிக்கொடையில் ஒரு பங்கை எடுத்து இந்தச் செட்டை வாங்கினேன்.

வாங்கியது பழைய செட்தான். 2020இல் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு புதுச் சாமான்களின் விலை என் கைக்கு எட்டவில்லை. நாற்பது வயதான யப்பான் அம்ப், ஒரு கசெற் டெக், எட்டு அங்குல ஸ்பீக்கர் சோடி ஒன்று. கொழும்பில் கடையில் வைத்துக் கேட்டபோது நன்றாகத்தான் தோன்றின. திருகோணமலைக்கு வந்ததும் ஏன் இப்படி?

நான் முதலில் செய்த வேலையைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்: இன்னொரு சாமான் வாங்கினேன். மச்சான் சொன்னார் என்று பெருவிரல் தடிப்பில் ஸ்பீக்கர் வயர் எடுப்பித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு ஐந்து மீற்றர். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி என்றால், போக வர இரண்டும் சேர்த்து மின்தடை ஒரு ஓமில் எட்டில் ஒரு பங்கும் வராது. ஸ்பீக்கரோ எட்டு ஓம். தொப்பியை விழுங்குகிற அளவுக்கு அந்தக் கம்பியில் தடை ஏது? அந்தக் காசு எனக்கு வீண். வாசிக்கிறவர்களுக்கும் வீணாகக்கூடாது என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

றேடியோ திருத்துகிற நானா ஒருவர் வந்தார். பெட்டியைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஹெட்போன் ஒன்றை அம்பில் செருகி என் காதில் வைத்தார். தொப்பி இருந்தது. கும்மென்று, உருண்டையாக, அப்பா கையால் தாளம் போட்டுக் காட்டுகிற அதே அடி.

“சேர், ரேப்பும் சரி, அம்ப்பும் அரைவாசி சரி. களவு போனது இதுக்குப் பொறகுதான்” என்றார். பிறகு மோனோ பொத்தானை அமத்தி ஒரு பாட்டைப் போட்டார். “குரல் எங்கால கேக்குது? நடுவால கேக்குதா, ரெண்டு பக்கமும் சிதறுதா?”

“சிதறுது நானா. எங்கேயென்று பிடிக்கவே ஏலாமல் இருக்கு.”

ஒரு ஸ்பீக்கரின் பின்னால் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பூட்டினார். பாடகர் அறையின் நடுவில் வந்து நின்றார். தொலைந்த தொப்பியின் பாரத்தில் பாதி அந்த நிமிடமே திரும்பி வந்தது. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால், கீழ்ச்சுரங்கள் காற்றிலேயே ஒன்றையொன்று அழித்துவிடும். மேற்சுரங்களின் அலை குட்டை. அவை முற்றாக அழியாமல் தப்பிக் கூர்மையாகக் காதில் விழும். என் காதைக் குத்தியது அதுதான்.

வெளியே நான் நிறம் பார்த்துச் சரியாகத்தான் பூட்டியிருந்தேன். பெட்டிக்குள் யாரோ முன்பு ஈயம் பற்றவைத்தபோது மாற்றிவிட்டிருக்கிறார்கள். அதனால் பழைய ஸ்பீக்கர் வாங்கினால் நிறத்தை நம்பாமல் பற்றறியை நம்புங்கள். 1.5 வோல்ற் பற்றறியின் நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே வரவேண்டும். இரண்டில் ஒன்று உள்ளே போனால் அதைத்தான் மாற்றிப் பூட்டவேண்டும்.

மீதிப் பாதி பாரம் எங்கே போனது என்று தேடத்தான் ஒரு வருடம் சென்றது.

கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெல்ல அமத்தச் சொன்னார் நானா. ஒரு ஸ்பீக்கரில் அது கேக் தூளைப்போல உதிர்ந்தது. அந்தக் காலத்து ஸ்பீக்கர்களில் பலவற்றுக்கு இந்த வளையம் நுரையால் செய்தது. ஈரக்காற்றுப் பட்டுப் பட்டு, வாசிக்காமல் வைத்திருந்தாலும் தானாக இற்றுப்போகும். எங்களூர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம் போகும். மற்ற ஸ்பீக்கரில் யாரோ பசை பூசித் துணி ஒட்டியிருந்தார்கள். அது உதிரவில்லை, ஆனால் மரத்துப்போய்க் கூம்பை அசையவிடாமல் பிடித்திருந்தது. அசையாத கூம்பிலிருந்து தொப்பி எப்படி வரும்? இரண்டுக்கும் புது நுரை வளையம் எடுத்துப் போட்டோம். நீங்கள் வாங்கப் போகிற இடத்திலேயே இரண்டு கையின் விரல்களாலும் கூம்பை நேராக, மெல்லத் தள்ளிப் பாருங்கள். உரசுகிற சத்தம் வந்தால் உள்ளே சுருள் தேய்கிறது. அதை வாங்கவேண்டாம். றப்பர் வளையமோ துணி வளையமோ உள்ள ஸ்பீக்கர் கிடைத்தால் கடற்கரை ஊர்க்காரர் அதையே எடுப்பது நல்லது.

கடற்கரை என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் நகரம் ஒரு பக்கம் டச்பே, மறுபக்கம் உட்துறைமுகம் என்று இரண்டு தண்ணீருக்கு நடுவில் கழுத்துப்போல ஒடுங்கிக் கிடக்கிறது. கோணேசர் மலையைப் பாடிய சம்பந்தரும் அதைச் சூழ்ந்து முழங்குகிற கடலை விட்டுவிட்டுப் பாடவில்லை. அந்த அலை உடைந்து தெறிக்கும் உப்புத்தான் எங்கள் யன்னல் கம்பியையும் சைக்கிள் சங்கிலியையும் தின்கிறது. செட்டின் பின்புறத்தை மட்டும் விட்டுவைக்குமா? வயரின் நுனியை ஒரு அங்குலம் உரித்துப் பார்த்தேன். செம்பில் பச்சைக் களிம்பு. அதை வெட்டி எறிந்து, புதிதாக உரித்து, இறுக்கிப் பூட்டினேன். டெக்கிலிருந்து வருகிற பிளக்குகளின் முனைகளை அழிறப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்தேன். பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் அடிக்கிற எண்ணெயை இதற்கு அடிக்கவேண்டாம். கரகரப்பு ஒரு கிழமை அடங்கும், பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்பைவிட மோசமாகும்.

உப்பு செய்த வேலையில் கண்டுபிடிக்கக் கடினமானது அம்புக்குள்ளே இருந்தது. சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது இடது பக்கம் மங்கிப்போகும். கூட்டினால் டக்கென்று திரும்பி வரும். மறுபடி குறைத்தாலும் சிறிது நேரம் நன்றாக இருக்கும். நான் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன், வயரைச் சந்தேகப்பட்டேன், கசெற்றைக்கூடச் சந்தேகப்பட்டேன். அது ரிலே. செட்டைப் போட்டதும் சில வினாடி கழித்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருமே, ஸ்பீக்கரை அம்போடு இணைக்கிற அந்தச் சிறிய சுவிச்சு. அதன் முனைகளில் கறை ஏறினால் சின்ன மின்னோட்டம் அதைத் தாண்டாது, பெரியது தாண்டிவிடும். உங்கள் செட்டில் இதே குணம் தெரிந்தால் வேறெதையும் தேடுமுன் ரிலேயைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் மூடியை நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கை இழுத்த பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கப்பாசிற்றர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

என் செட்டில் உம்மென்ற இரைச்சலும் இருந்தது. இதற்குப் பொதுவாக இரண்டு ஊற்றுகள் உண்டு. ரீவியிலிருந்தும் ஒரு வயர் அம்புக்கு வந்தது. ரீவியோடு டிஷ் அன்ரனாவின் கேபிளும் சேர்ந்திருந்தது. அந்தக் கேபிளைக் கழற்றினேன், இரைச்சல் நின்றது. இரண்டு வழியாக நிலத்தொடர்பு கிடைத்து, அந்த வளையத்துக்குள் 50 ஹெர்ட்ஸ் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லா வயரையும் கழற்றிய பிறகும், சத்தத்தை முற்றாகக் குறைத்த பிறகும் அடங்காமல் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் முனகினால் அது 100 ஹெர்ட்ஸ். அம்பின் மின்வழங்கலில் கப்பாசிற்றர் காய்ந்துபோயிருக்கும். இரைச்சலை நிறுத்துகிறேன் என்று பிளக்கின் எர்த் முனையை மட்டும் யாரும் வெட்டவேண்டாம். உயிர் போகும்.

உவர்மலையில் இருக்கிற சிநேகிதர் ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டுத் தன் ரெக்கோட் பிளேயரைப் பார்க்கக் கூப்பிட்டார். சத்தம் சின்னதாக, பாரமே இல்லாமல், நுளம்பு பாடுகிற மாதிரி வந்தது. பின்னால் பார்த்தால் ஃபோனோ என்று எழுதிய துளை சும்மா இருக்க, வயர் ஓக்ஸில் செருகியிருந்தது. இசைத்தட்டு வெட்டும்போது கீழ்ச்சுரங்களைக் குறைத்தும் மேற்சுரங்களைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பாரமான ஒலிக்குப் பள்ளம் மிக அகலமாகிவிடும். 1950களில் பெரும்பாலான கம்பனிகள் ஒரே அளவுக்கு இணங்கின. 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் குறைவு. அதைத் திருப்பிச் சரிசெய்கிற வேலை ஃபோனோ துளைக்குப் பின்னால்தான் நடக்கிறது. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ற் மட்டுமே, அதைப் பெருக்குவதும் அங்கேதான். வயரை அந்தத் துளைக்கு மாற்றினேன், ஒரு நிமிட வேலை. தன் கலியாணத்துக்கு வாங்கிய தட்டுகளை அவர் அன்றுதான் முழுதாகக் கேட்டார்.

இனி அறை. இதைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன், முதலிலேயே பார்த்திருக்கவேண்டும். என் ஹோல் 12 அடி நீளம், சிவப்புச் சீமெந்துத் தரை, பூசிய சுவர், மூன்று பெரிய யன்னல். நடுவில் நின்று கை தட்டினேன். ‘டர்ர்’ என்று வாலோடு திரும்பி வந்தது. வலந்தலையின் ஒவ்வொரு அடிக்கும் அந்த வால் ஒட்டினால் சொற்கட்டு எப்படித் தெளியும்? பன்பாய் விரித்துப் பார்த்தேன், மெல்லிசு, பெரிதாகப் பயனில்லை. பின்சுவரில் புத்தக அலுமாரியை நகர்த்தி வைத்தேன். பக்கச்சுவரில் பழைய பஞ்சு மெத்தை ஒன்றைத் துணி போர்த்தி நிறுத்தினேன். கை தட்டினால் கை தட்டிய சத்தம் மட்டும் வந்தது.

கதிரை சரியாக அறையின் நடுவில் இருந்தது. அழகுக்காக மனைவி வைத்தது, நானும் விரும்பியதுதான். 12 அடி நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு அலை இரண்டு சுவருக்கும் இடையில் நிற்கும். சுவரோரம் அது பலமாகக் கேட்கும், நடுவில் கேட்காது. கதிரையை மூன்று அடி பின்னால் இழுத்தேன். தரையிலிருந்து ஏதோ எழும்பி வருவதுபோல இருந்தது. ஸ்பீக்கரும் பிழையான இடத்தில்தான் நின்றது. சுவரிலிருந்து தள்ளி வைக்கவேண்டும் என்று எங்கோ வாசித்து, முன்முகம் ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கும்படி வைத்திருந்தேன். அந்தத் தூரத்தில் சுவரில் பட்டுத் திரும்புகிற அலை 87 ஹெர்ட்ஸை ஒட்டிய சுரங்களை அழித்துவிடும், தொப்பியின் நெஞ்சுப் பகுதியை. முன்முகத்தை ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்தபோது அந்தக் குழி மேலே ஏறிவிட்டது. கீழ்ச்சுரங்களுக்குச் சுவரே முட்டுக் கொடுத்தது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. தடித்த வயருக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நோகிறது.

மின்விசிறியையும் சொல்லவேண்டும். நாகசுரத்தின் நீண்ட கார்வை நடுங்குகிறது என்று டெக்கின் மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் சுற்றுகிற தகட்டில் சத்தம் பட்டுப் பட்டுத் தெறித்ததுதான் காரணம். நிறுத்தினால் நடுக்கம் போய்விடும். வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் நிறுத்த ஏலாது, ஆகவே நான் இரவு பத்துக்குப் பிறகு கேட்கிறேன். இரவில் சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது பாரம் மறுபடி குறைந்த மாதிரி இருந்தால் பயப்படவேண்டாம். மெல்லிய ஒலியில் கீழ்ச்சுரங்களை நம் காதே குறைவாகத்தான் கேட்கும். பழைய அம்புகளில் லவுட்னஸ் என்ற பொத்தானை அதற்காகவே வைத்தார்கள்.

எல்லாம் முடிந்து நிம்மதியாக இருந்தபோது வாடை தொடங்கியது. ஒக்டோபர் கடைசியில் மழை இறங்க, மூன்று யன்னலையும் சாத்தினோம். அன்று இரவு தொப்பி வீடு முழுக்கக் கும்கும் என்று முழங்கி, வலந்தலையையே மூடிவிட்டது. திரும்பவும் ஏதோ பழுதாகிவிட்டது என்று டோர்ச்சும் கையுமாகச் செட்டின் பின்னால் குனிந்தேன். களிம்பு இல்லை, வயர் இறுக்கமாக இருந்தது, ரிலே புதிது. பிறகு எழும்பிப்போய் ஒரு யன்னலைத் திறந்தேன். சாரல் அடித்தது, தவில் சரியானது. கச்சானில் திறந்த யன்னல் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பாரமெல்லாம் இப்போது அறைக்குள்ளேயே தங்கியிருக்கிறது.

யன்னலைச் சாத்திவிட்டு, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து அங்குலம் அங்குலமாக இழுத்து, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தை ஓடவிட்டுக் கேட்டேன். விடியப்புறம் இரண்டு மணிக்கு வலந்தலையும் தொப்பியும் சமமாக வந்து நின்றன. இப்போது எங்கள் சிவப்புத் தரையில் ஸ்பீக்கருக்கு இரண்டு சுண்ணக்கோட்டு அடையாளங்கள் இருக்கின்றன. சுவரோரம் இருப்பது கச்சானுக்கு, ஒரு அடி முன்னால் இருப்பது வாடைக்கு. கூட்டும்போது அழிந்தால் மனைவியே மறுபடி கீறிவிடுகிறாள்.