சோர்வு சோம்பல் அல்ல

மும்பையில் தாராவி இருக்கிறது. தமிழர்கள் நிறையப் பேர் அங்கே வாழ்கிறார்கள். இட்லி வியாபாரம் பலருக்குத் தொழில். எங்கள் வகுப்பில் படிக்கும் ஒரு அக்காவுக்கும் அதே தொழில்தான். விடியற்காலை 3 மணிக்கு எழுவார். அடுப்பு மூட்டுவார். இட்லி அவிப்பார். அண்ணன் சைக்கிளில் கொண்டு போய் விற்பார்.

அக்காவின் மார்பில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. ஆனாலும் டாக்டரிடம் காட்டினார். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. பரேலில் டாடா நினைவு மருத்துவமனை இருக்கிறது. அது 1941ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கே அக்காவுக்குச் சிகிச்சை நடந்தது. 21 நாளுக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்கள். இதைக் கீமோ என்பார்கள்.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அக்கா வகுப்புக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“எழுந்து உட்காரக்கூட முடியல தங்கச்சி. நோய் முத்திப் போச்சு போல. அடுத்த ஊசிக்கு நான் போகமாட்டேன்” என்றார்.

“எந்நேரமும் படுக்கைதான்” என்றார் மாமியார். அக்கா அழுதார்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. “நாளைக்கு நானும் வர்றேன் அக்கா. டாக்டரிடமே கேட்போம்” என்றேன்.

டாக்டர் சொன்னது

“இது நோய் முற்றியதால் வந்த சோர்வு இல்லை. மருந்தால் வந்த சோர்வு” என்றார் டாக்டர்.

நம் உடம்பு கோடிக்கணக்கான சிறிய அணுக்களால் ஆனது. புற்றுநோயில் சில அணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகுகின்றன. கீமோ மருந்து அவற்றை அழிக்கிறது. அப்போது நல்ல அணுக்கள் சிலவும் அழிகின்றன. இரத்தம் ஊறுவது குறைகிறது. அதனால் உடம்பு ஓய்ந்து போகிறது. வேலை செய்த களைப்பு தூங்கினால் போகும். இந்தச் சோர்வு தூங்கினாலும் போகாது. கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர் சிகிச்சையிலும் சோர்வு வரும்.

சிகிச்சை முடிந்த பிறகு சோர்வு மெல்ல மெல்லக் குறையும். சிலருக்குப் பல மாதம் ஆகும்.

அக்காவின் இரத்தத்தைச் சோதித்தார்கள். இரத்தம் குறைவாக இருந்தது. அதற்கு மருந்து கொடுத்தார்கள். “தினமும் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதி வாருங்கள்” என்றார் நர்ஸ்.

அக்காவின் நோட்டு

அக்கா நான்காவது கீமோவுக்குப் போனார். நோட்டில் இப்படி எழுதினார்:

1ஆம் நாள். ஊசி போட்டார்கள்.
3ஆம் நாள். எழ முடியவில்லை. அழுகை வந்தது.
6ஆம் நாள். கஞ்சி குடித்தேன்.
11ஆம் நாள். குழாயடி வரை நடந்தேன்.
17ஆம் நாள். சட்னி அரைத்தேன்.

“பாரு தங்கச்சி. முதல் வாரம்தான் ரொம்ப மோசம். அப்புறம் தெம்பு வருது” என்றார் அக்கா. அவர் எழுதியதை அவரே படித்துத் தெரிந்துகொண்டார். மகன் அதை உரக்கப் படித்தான். மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் மாமியாரே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

நாம் செய்யக்கூடியவை

தெம்பு உள்ள நேரத்தில் முக்கியமான வேலையை மட்டும் செய்யுங்கள். மற்ற வேலைக்கு உதவி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தினமும் கொஞ்சம் நடங்கள். நடந்தால் சோர்வு குறையும். முழு நாளும் படுத்தே இருந்தால் சோர்வு கூடும்.

ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள். பருப்பு, முட்டை, பால் நல்லது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

நாட்டு மருந்து எதையும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மனம் சோர்ந்தால்

முடி கொட்டும். மார்பை எடுக்க வேண்டி வரலாம். கடன் கவலை இருக்கும். அழுகை வருவது இயற்கை. “அழாதே” என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். சொல்வதைக் கேளுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. தொட்டுப் பேசலாம். சேர்ந்து சாப்பிடலாம்.

இரண்டு வாரமாகியும் எதிலும் மனம் ஒட்டவில்லையா? தூக்கம் இல்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள். மனச் சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. இரவும் பகலும் பேசலாம். காசு இல்லை. தமிழிலும் பேசலாம்.

அக்கா இப்போது மறுபடியும் வகுப்புக்கு வருகிறார். சில நாள் வரமாட்டார். அன்று அவர் நோட்டில் “இன்று ஓய்வு” என்று எழுதியிருக்கும்.

பேசுவோம்

1. அக்கா ஏன் அடுத்த ஊசிக்குப் போகமாட்டேன் என்றார்?
2. நோட்டு அவருக்கு எப்படி உதவியது?
3. உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் அவருக்காக என்ன வேலை செய்வீர்கள்?

எழுதுவோம்

14416 என்ற எண்ணை உங்கள் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.