ஈயக்குட்டையில் எழுந்த நகரம்

ஈயம் கழுவுவதற்காக நீரைத் தேக்கிய அணைகளால் பெயர் பெற்ற ஊர் அம்பாங். 1857ஆம் ஆண்டு ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்தனர். கோம்பாக் ஆறு கலக்குமிடத்தில் இறங்கி, காட்டு வழியே அம்பாங்கிற்கு நடந்தனர். ஒரு மாதத்திற்குள் பெரும்பாலோர் மலேரியாவுக்குப் பலியாயினர். 18 பேரே எஞ்சினர். ஆயினும் புதிய ஆட்கள் வந்தனர். சுரங்க வேலை தொடர்ந்தது. படகுகள் நின்ற இடமே பின்னாளில் கோலாலம்பூர் ஆயிற்று.

அதன்பின் நூறாண்டுக்கும் மேலாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டப்பட்டது. எஞ்சியவை ஈயக்குட்டைகளும் மணல்மேடுகளும்தாம். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. நகரமோ விரிந்துகொண்டே போனது. வீடு கட்ட நிலம் தேடியவர்களின் பார்வை, அதுவரை எவரும் விரும்பாத ஈய நிலங்களின்மீது விழுந்தது.

அத்தகைய நிலத்தில் வளர்ந்த நிறுவனங்களுள் ஒன்று சன்வே. பேராக் மாநிலத்தின் பூசிங் நகரில் பிறந்த ஜெஃப்ரி சியா, 1974இல் ஒரு சிறிய ஈயச் சுரங்க நிறுவனமாக இதைத் தொடங்கினார். பெட்டாலிங் ஜெயாவை அடுத்த சுங்கை வே பகுதியில் சுரங்கம் இருந்தது. ஈயத்திலிருந்து கல்லுடைப்பு, கட்டுமானப் பொருள், கட்டுமானம் என நிறுவனம் கிளை விரித்தது. தோண்டிக் கைவிடப்பட்ட ஏறத்தாழ 800 ஏக்கர் நிலத்தில் ஒரு நகரையே உருவாக்கும் முயற்சி 1980களில் தொடங்கியது.

இது எளிய வேலையன்று. ஈயம் கழுவிய நீரோடு வெளியேறும் நுண்களிமண், குட்டையின் அடியில் சேறாகப் படியும். மேற்புறம் காய்ந்து கெட்டியாகத் தோன்றினாலும், உள்ளே பல ஆண்டுகள் கழிந்தும் குழைவாகவே இருக்கும். அதன்மீது அப்படியே வீடு கட்டினால், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அமிழும். சுவரில் விரிசல் விழும். எனவே, சேற்றை அகற்றி நல்ல மண்ணை நிரப்பி இறுக்க வேண்டும். உயர்ந்த கட்டடமென்றால், கெட்டியான அடுக்கைத் தொடும்வரை தூண்களை இறக்க வேண்டும். மண்ணுக்குள் போகும் இந்தச் செலவு வீடு வாங்குவோரின் கண்ணில் படுவதே இல்லை.

மேம்பாட்டு நிறுவனங்கள் பல, வீடுகளைக் கட்டி விற்றபின் அடுத்த நிலத்திற்குப் போய்விடும். அதன்பின் வடிகாலையும் தாங்குசுவரையும் யார் கவனிப்பது? இந்தக் கேள்வியின் கனத்தை நாட்டுக்கு உணர்த்தியதும் அம்பாங் வட்டாரமே. அங்குள்ள உலு கிள்ளான் மலைச்சரிவில் 1993 டிசம்பர் 11 அன்று, பல நாள் மழைக்குப் பின், ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். பின்புறச் சரிவில் வடிகால் சீர்கெட்டதும் தாங்குசுவர்கள் இடிந்ததும் விபத்திற்கு வழிவகுத்தன. 2000இல் உயர்நீதிமன்றம், மேம்பாட்டாளர், கட்டட வரைஞர், பொறியாளர், அண்டை நில உரிமையாளர் எனப் பலரையும் பொறுப்பாக்கியது. ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்த இடத்தில் உயிர்கள் போயிருந்தன.

சன்வே தான் தோண்டிய நிலத்தை விட்டுப் போகவில்லை. 1987இல் அங்கே கல்லூரி தொடங்கப்பட்டது. வீடுகளோடு தங்கும் விடுதி, மருத்துவமனை, பேரங்காடி ஆகியவற்றையும் கட்டித் தானே நடத்தியது. நிரப்ப இயலாத பெரும்பள்ளத்தை என்ன செய்வது என்பதற்குக் கிடைத்த விடை சுவையானது: பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு, அதற்குள் சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவை அமைத்தனர். சறுக்கி விளையாடும் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அது பழைய ஈயச் சுரங்கம் என்பது தெரியும்?

வளர்ச்சி ஒரே சீராக இருந்ததில்லை. சன்வே பிரமிட் பேரங்காடி திறக்கப்பட்ட 1997ஆம் ஆண்டிலேயே ஆசிய நிதி நெருக்கடியும் வந்தது. ரிங்கிட்டின் மதிப்பு வீழ்ந்தது; வட்டி ஏறியது. கடன் வாங்கிக் கட்டிய நிறுவனங்கள் திணறின. சன்வேயும் தன் கடன்சுமையைக் குறைக்க வேண்டியதாயிற்று. மீண்டெழுந்தபின், 2011இல் குழுமத்தின் இரு பெரிய நிறுவனங்கள் சன்வே பெர்ஹாட் என ஒன்றிணைந்தன. 2015இல் அதன் கட்டுமானப் பிரிவு தனியாகப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அதே ஆண்டு, 5.4 கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மட்டப் பாதையில் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின.

பண்டார் சன்வேயில் குட்டைகள் எல்லாம் மறைந்துவிடவில்லை. அங்குள்ள ஏரியின் நீர் இன்று சுத்திகரிக்கப்பட்டு அந்நகரின் கட்டடங்களுக்கே அனுப்பப்படுகிறது.