பிளைட் தேதியைச் சொல்லாதே

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

மாமா எழுதுவது. கம்பெனி வேலையாகப் பத்து நாள் பாங்காக் போகிறாயாம், கல்யாணத்துக்கு ஒரு சூட்டும் ஆபீசுக்கு நாலைந்து சட்டையும் அங்கேயே தைத்துக்கொள்ளப் போகிறாயாம், அக்கா போனில் சொன்னாள். மதுரையில் இல்லாத டெய்லரா என்று அவளுக்கு ஒரே கோபம். எனக்குக் கோபம் இல்லை. அந்த ஊரில் நல்ல கைகள் உண்டு. ஆனால், வந்துபோகிற ஆளுக்குத் தைத்துக் கொடுப்பது தனித் தொழில். மதுரைப் புதுமண்டபத்தில் சிலைத் தூணுக்குப் பக்கத்தில் மெஷின் போட்டு அதே தொழிலைச் செய்தவன் நான். அதனால் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அந்த நாளில் மீனாட்சி கோயிலுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் போட்டிருக்கிற பழைய சட்டையைக் கொடுத்து, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். துணியைக் காட்டுவதற்கு முன்னாலேயே நாங்கள் கேட்கிற கேள்வி, எப்போது ரயில் என்பதுதான். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்றால் வேலை ஒரு மாதிரி நடக்கும், இன்னும் நாலு நாள் இருக்கிறது என்றால் வேறு மாதிரி நடக்கும். பாண்டியனில் ஏறினவர் கை இறுக்குகிறது என்று திரும்பி வரமாட்டார் இல்லையா? பாங்காக் சுகும்வித் சாலையிலும், நானா, அசோக் ஸ்டேஷன் பக்கத்துச் சந்துகளிலும் உன்னிடம் இதையேதான் கேட்பார்கள், 'எப்போது பிளைட் சார்' என்று. ஊருக்குத் திரும்ப இன்னும் நாள் இருக்கிறது, வேலை முடிந்தால்தான் டிக்கெட் என்று சொல்லிவை. இறங்கின மறுநாளே கடைக்குப் போய்விடு. துணியில் பேரம் பேசி மிச்சம் பிடிக்கிற பணத்தைவிட, கையில் வைத்திருக்கிற நாட்கள்தான் உனக்கு லாபம்.

அங்கே கடை வைத்திருப்பவர்கள் பலர் பஞ்சாபிகள், வடநாட்டுக்காரர்கள். ஒருநாளில் இரண்டு சூட், மூன்று சட்டை, டை இலவசம் என்று போர்டு தொங்கும். லண்டன் சாவில் ரோ தெருவில் ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்று கணக்குச் சொல்கிறார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த போர்டைப் படி. அரண்மனைப் பக்கம் டுக்டுக் ஆட்டோக்காரன் யாராவது, இன்றைக்கு அரண்மனை லீவு, நல்ல டெய்லர் கடை காட்டுகிறேன் என்றால் ஏறாதே. அவன் கமிஷனும் உன் சட்டை விலையில்தான் சேரும்.

உனக்குப் பழக்கமில்லாத ஒன்று சொல்கிறேன். டேப்பை வைத்து அளவெடுக்கிறவர் பெரும்பாலும் விற்பனைக்காரர். வெட்டுகிறவர், தைக்கிறவர் எல்லாம் வேறெங்கோ ஒரு பட்டறையில் இருப்பார்கள். உன் வலது தோள் சற்று இறங்கியிருப்பது அளவுச் சீட்டில் ஏறாமல் போனால் வெட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால் ட்ரயலுக்குக் கட்டிங் மாஸ்டரை வரச்சொல் என்று முதல் நாளே கேள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போ, அந்தத் தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை.

சூட்டுக்குக் குறைந்தது இரண்டு ட்ரயல் வேண்டும். முதல் ட்ரயலுக்குக் கச்சாத் தையல் போட்ட கோட்டைக் கொண்டுவர வேண்டும். லைனிங் வைத்து, பட்டன் தைத்து, அயர்ன் பண்ணிக் கொண்டுவந்தால் அதற்குப் பேர் ட்ரயல் இல்லை, டெலிவரி. கல்யாணத்தன்று போடப்போகிற ஷூவைப் போட்டுக்கொண்டு போ. பர்ஸ், போன் எல்லாம் வழக்கமான பையில் இருக்கட்டும். கண்ணாடியைப் பார்த்ததும் வயிற்றை எக்குவாய், எல்லோரும் செய்வதுதான். எக்காமல் நில். முன்பக்கம் எப்படியும் அழகாகத்தான் தெரியும், முதுகுப்பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல். காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கிறதா, காலருக்குக் கீழே குறுக்கே மடிப்பு விழுகிறதா, கையை முன்னால் நீட்டினால் கோட்டு முழுக்க மேலே ஏறுகிறதா என்று பார். இடுப்பு, நீளம், பேன்ட் சுற்றளவு எல்லாம் பிறகும் சரிசெய்யலாம். தோள் மட்டும் தப்பினால் தப்பினதுதான். அப்போது ஒத்துக்கொள்ளாதே, வேறு வெட்டித் தரச்சொல். கைநீளம் முடிவாகும் வரைக்கும் மணிக்கட்டில் காஜா வெட்டவிடாதே. வெட்டிவிட்டால் அந்தக் கையை அங்கிருந்து குறைக்கவே முடியாது.

துணி விஷயத்தில் 'சூப்பர் 150' என்று மயக்குவார்கள். நம்பர் கூடினால் கம்பளி இழை மெலிகிறது, அவ்வளவுதான். உழைப்பும் அதோடு குறையும். மதுரைக் கல்யாண மண்டபத்தில் போடுகிற சூட்டுக்கு மெல்லிய கம்பளி, பாதி லைனிங் போதும். கம்பளிதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூல் பிரித்துத் தரச்சொல்லிக் கொளுத்திப்பார். முடி கருகின வாடை அடித்துச் சாம்பல் பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். அப்புறம், கோட்டின் கீழ்ப்பட்டனுக்குப் பக்கத்தில் மேல்துணியையும் உள்துணியையும் விரலால் பிரித்துப்பார். நடுவே மூன்றாவதாக ஒரு துணி தனியாக நகர்ந்தால் அது தைத்த கேன்வாஸ். மேல்துணியோடு ஒட்டிக்கிடந்தால் பியூசிங். பியூசிங் பாவமில்லை, பெரும்பாலான ரெடிமேட் கோட்டில் அதுதான் இருக்கிறது. ஆனால் சில சலவைக்குப் பிறகு நெஞ்சில் கொப்புளம் மாதிரி எழும்பலாம். கேன்வாஸ் விலை வாங்கிக்கொண்டு பியூசிங் வைத்தால் மட்டும் விடாதே.

பாஹுராத் பக்கம் துணிச்சந்தை இருக்கிறது, பக்கத்திலேயே பெரிய குருத்வாராவும் உண்டு. போய் வேடிக்கை பார். துணியை அங்கே வாங்கி வேறு கடையில் கொடுக்கலாம் என்று கணக்குப் போடாதே. டெய்லருக்கு லாபமே துணியில்தான், வெளித்துணி கொண்டுவருகிறவனை எந்த ஊரிலும் வாசலில் பூரணகும்பம் வைத்து வரவேற்பதில்லை.

சட்டைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் சூட்டைவிட சட்டைதான் அங்கே தைக்க வேண்டியது. உன்னிடம் இருக்கிறதிலேயே நன்றாகப் பொருந்துகிற நீலச் சட்டையை எடுத்துப்போ. அளவு எடுத்துத் தைப்பதில் தவறுகிற கைகூட அளவுச் சட்டையைப் பார்த்துத் தைப்பதில் தவறாது, புதுமண்டபத்துக்குப் பேர் வந்ததே அப்படித்தான். முதலில் ஒரே ஒரு சட்டை தைக்கக் கொடு. வந்ததும் ஹோட்டலில் துவைத்து, காயப்போட்டு, மறுபடி போட்டுப்பார். பருத்தி சுருங்கும். காலருக்குள் இரண்டு விரல் போகிறதா, வாட்ச் கட்டுகிற கையில் கப் மூடுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை வெட்டச்சொல். அட்வான்ஸ் பாதி, மீதி கடைசி ட்ரயல் முடிந்த பிறகு. அளவுச் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

ஓரத்தில் விழுந்த துண்டுத் துணியையும் உபரிப் பட்டனையும் கேட்டு வாங்கிக்கொள், பின்னால் ஏதாவது சரிசெய்ய உதவும். புதுமண்டபத்துக் கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் இப்போது வீட்டில்தான் மெஷின் வைத்திருக்கிறேன், கண்ணும் முன்போல இல்லை. ஆனாலும் பேன்ட் கீழ்மடிப்பை அங்கே அடிக்கவேண்டாம். இரண்டு அங்குலம் கூட விட்டுக் கொண்டுவா, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா