கணக்குப் பிழைத்தால் கம்பனி பிழைக்காது

சரக்கெடுக்கவும் கடன் வசூலிக்கவும் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே ரயிலில் அலையும் வியாபாரிகள் நம்மில் பலர். அந்தப் பாதையைப் போட முதலில் இறங்கியது அரசாங்கமல்ல, ஒரு தனியார் கம்பனி. இலங்கைப் புகையிரதக் கம்பனி என்ற அந்த நிறுவனம் ஒரு ரயிலைக்கூட ஓட்டாமலே மூடப்பட்டது. அதன் கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

1840களில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. கோப்பி மூடைகள் மாட்டு வண்டிகளில்தான் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தன. பயணம் மெதுவானது, வண்டிக் கூலியும் அதிகம். எனவே ரயிலுக்கு உண்மையான தேவை இருந்தது. 1845இல் லண்டனில் இந்தக் கம்பனி ஆரம்பமானது. ஆனால் 1847இல் பிரித்தானியாவில் பணநெருக்கடி வந்தது. கோப்பி விலையும் விழுந்தது. திட்டம் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

1856இல் அரசாங்கத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. போடும் முதலுக்கு அரசாங்கமே வட்டி உத்தரவாதம் கொடுத்தது. 1857இல் பொறியியலாளர் கப்டன் மூர்சம் பாதையை ஆராய்ந்து, செலவு சுமார் 8½ இலட்சம் பவுண் என்றார். 1858 ஆகஸ்ட் 3ஆம் திகதி ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார்.

கொழும்பிலிருந்து சமதரையில் பாதை போடுவது வேறு, கடுகண்ணாவை மலையில் ஏற்றுவது வேறு. வேலைக்கு வந்த பொறியியலாளர் டொயின் நிலத்தை மறுபடி அளந்து பார்த்தபோது செலவு 20 இலட்சம் பவுணையும் தாண்டுமெனத் தெரிந்தது. 1861இல் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. பங்குதாரரின் முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரசாங்கமே வேலையைப் பொறுப்பேற்றது.

பிறகு கேள்விப்பத்திரம் கோரி, ஃபேவியல் என்ற ஒப்பந்தகாரரிடம் வேலை கொடுக்கப்பட்டது. 1864 டிசம்பர் 27ஆம் திகதி முதல் ரயில் அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. கோப்பிச் சரக்கால் நல்ல வருமானமும் வந்தது.

இங்கே கவனியுங்கள். தொழில் பிழையல்ல, கணக்குத்தான் பிழை. அதே பாதை, அதே கோப்பி. ஒருவர் கையில் முடங்கியது, இன்னொருவர் கையில் ஓடியது.

நம்மவர்களும் இரண்டாவது கடை திறக்கும்போது வாடகை முற்பணத்தையும் சரக்கு விலையையும் மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பங்காளியிடம் கைநீட்டுகிறோம். தட்டு, அலமாரி, மின்சாரம், ஆள் சம்பளம், வெளியே நிற்கும் கடன் ஆகியவைதான் நமது கடுகண்ணாவை. ஏற்றத்தை முதலில் அளவுங்கள், சமதரையைப் பிறகு அளக்கலாம்.

இன்னொன்று. உத்தரவாதம் இருக்கிறதென்று கணக்கைத் தளர விடாதீர்கள். மாமனார் தருவார், வங்கி தரும் என்ற நம்பிக்கை செலவைக் குறைக்காது.

கணக்குப் பிழையென்று தெரிந்தால் மறைக்காமல் பங்காளியிடம் சொல்லுங்கள். பாதி வழியில் நிறுத்தி முதலைத் திருப்பிக் கொடுப்பது வெட்கமல்ல. பிழையான கணக்கோடு மலையேறுவதுதான் ஆபத்து.