கேஸ் கூடியது என்றால் ஊரடங்கு வீணா?

"கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள், அப்போதும் கேஸ் கூடிக்கொண்டேதானே போனது? எல்லாம் வீண்." கல்யாணப் பந்தியிலிருந்து டிவி விவாதம் வரை இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதிகம் சொல்பவர்கள் படித்தவர்கள்தான்.

எவ்வளவு வேகமாகக் கூடியது என்று ஒருவராவது கேட்கிறாரா? 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்குக்கு முன், இந்தியாவில் தொற்று எண்ணிக்கை 3.4 நாளில் இரட்டிப்பானது. ஏப்ரல் 20 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்கில் அது 7.5 நாளாகியிருந்தது. பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். 100 பேரில் தொடங்கினால், 7.5 நாள் கணக்கில் 15 நாளில் 400 பேர். 3.4 நாள் கணக்கில் 2,100-ஐத் தாண்டும். இரண்டிலும் கேஸ் கூடத்தான் செய்கிறது. இடையில் நிற்கும் அந்த 1,700 பேருக்கும் கட்டில் எங்கிருந்து வரும்? ஊரடங்கு ஒன்றே இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. பயந்து வீட்டிலிருந்ததும் முகக்கவசமும் அதில் சேர்த்தி. ஆனால் 'வீண்' என்று சொல்ல இந்தக் கணக்கில் இடமே இல்லை.

அடுத்து, தடை போட்ட மறுநாளே பலன் தேடும் அவசரம். கிருமி உடம்பில் நுழைந்து காய்ச்சல் காட்டவே சராசரியாக ஐந்து நாள். பிறகு மாத்திரை போட்டுப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வந்து, சளி மாதிரி கொடுத்து, முடிவு வந்து பட்டியலில் ஏற இன்னும் சில நாள். இன்றைய எண்ணை வைத்து நேற்றைய தடையை எடைபோடுவது அநியாயம்.

"டெஸ்ட் எடுப்பதால்தான் நோய் கூடுகிறது" என்பார்கள். நூறு டெஸ்டில் எத்தனை பாசிட்டிவ் என்று பாருங்கள், போதும்; டெஸ்ட் கூடியது மட்டுமே காரணம் என்றால் அந்த விகிதம் ஏறாது. "ஆர் எண் ஒன்றுக்குக் கீழே வந்தால் நோய் ஒழிந்தது" என்பதும் தப்பு. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதுதான் ஆர் எண். அது 0.9 என்றால் 100 பேர் இன்னும் 90 பேருக்குக் கொடுக்கிறார்கள்.

எண்ணும் முறை மாறினாலும் எண் பாயும். 2020 பிப்ரவரி 12 கணக்கில் சீனாவின் ஹுபெய் மாகாணம் ஒரே நாளில் 14,840 பேரைச் சேர்த்தது. நோய் அன்று பாயவில்லை. ஸ்கேன் பார்த்து மருத்துவர் உறுதிசெய்தவர்களையும் எண்ணத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். பதிவான தேதியை மட்டும் நம்பினால் இந்தக் குழப்பம் தீராது. நோய் தொடங்கிய தேதி வேண்டும். இன்றும் டெங்கு சீசனில், "மூணு நாளா காய்ச்சல்" என்று நோயாளி சொல்லச் சொல்ல, புறநோயாளி சீட்டில் வெறும் 'காய்ச்சல்' என்று எழுதித் தள்ளுகிறார்கள். தொடங்கிய தேதியை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அது இல்லாத சீட்டுகளை வைத்துக்கொண்டு, புகை மருந்து அடித்த தெருவில் காய்ச்சல் குறைந்ததா என்று எதைப் பார்த்துச் சொல்வது?