பேமானி

அஸர் தொழுதுவிட்டு விம்கோ நகர்த் தெருக்களில் நடந்து வந்தால், பந்தாடும் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே ஒரு சொல் நம் காதில் விழும். யார் வீட்டுச் சன்னலிலாவது பந்து பட்டுவிட்டால் போதும், "டேய் பேமானி!" என்று உள்ளிருந்து ஒரு குரல் கிளம்பும். குறும்புக்காரப் பையன் என்பதற்கு மேல் அதில் யாரும் பொருள் காண்பதில்லை. விம்கோ என்பது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்பதை நினைத்துக்கொண்டா நாம் ஊர்ப் பெயரைச் சொல்கிறோம்? அதுபோலத்தான் இதுவும் வாயில் பழகிவிட்டது.

ஆனால் இது நம் வீட்டுச் சொல்லாயிற்றே! 'பே' என்பது பாரசீகம். 'இல்லாத' என்று பொருள். அதையடுத்து நிற்பது ஈமான். ஈமான் இல்லாதவன் என்பதே நேர்பொருள். அமானத், அமீன் ஆகிய சொற்கள் பிறந்த அதே அரபு வேரில்தான் ஈமானும் பிறந்தது. ஆகவே, ஒப்படைத்த பொருளைக் காப்பாற்றாத மோசக்காரனை உருதுவில் 'பேஈமான்' என்றார்கள். உருது பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சென்னையில் அது தெருவுக்கு வந்து, மோசக்காரன் போக்கிரியாகி, போக்கிரி கடைசியில் பந்தடிக்கும் பையனாகிவிட்டான்.

தன் சகோதரனை ஒருவர் காஃபிர் என்று அழைத்தால் அச்சொல் இருவரில் ஒருவரைச் சேராமல் போகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. பேமானி என்பவரின் கருத்து அதுவல்ல. எனவே அந்தக் கடுமையை அப்படியே அவர் தலையில் ஏற்றுவது முறையன்று. ஆயினும் சூரா ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையே தடுக்கிறது. ஈமான் கொண்ட பின் தீய பெயர் எவ்வளவு கெட்டது என்றும் அதே வசனம் கூறுகிறது. பிஸ்மில்லாஹ் சொல்லாமல் ஒரு கவளம் உண்ணவிடாத தாய், அதே பிள்ளையை ஈமான் இல்லாதவனே என்று கூப்பிடுவது நமக்கு விந்தையாகப் படுகிறது. வாலு, சேட்டைக்காரன் என்று தமிழில் சொல்லிவிட்டுப் போகலாமே!

இதே 'பே' ஒட்டிய இன்னொரு வசை பேவார்சி. வாரிசு என்ற அரபுச் சொல்லை நாம் அறிவோம். கேட்பாரற்றவன், உரியவர் இல்லாதவன் என்று அதற்குப் பொருள். தந்தையை இழந்த எத்தீம் பிள்ளையும் அந்தத் தெருவில்தான் பந்தாடிக்கொண்டிருக்கிறான்.