டீன்: ஆங்கிலம் மறந்துபோன ஒரு துயரச் சொல்

'டீன்' என்றதும் எங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பதின்ம வயதுதான். ஆங்கிலத்தில் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையான எண்களின் பெயர்கள் அந்த ஒலியில் முடிவதால் வந்த வழக்கு அது. ஆனால் இதே எழுத்துகளையும் இதே ஒலியையும் கொண்ட வேறொரு சொல்லும் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. அதன் பொருள் துயரம். இன்று அது பேச்சிலே இல்லை. பழைய நாடகங்களிலும் கவிதைகளிலும் மட்டுமே எதிர்ப்படுகிறது. இதை அறியாமல் படித்தால், துயரத்தைச் சொல்லும் இடத்தில் நாம் வயதைத் தேடிக்கொண்டிருப்போம்.

இரண்டு சொற்களுக்கும் உறவு எதுவும் இல்லை. எண்களின் இறுதியில் வரும் டீன், பத்தைக் குறிக்கும் 'டென்' என்ற சொல்லோடு தொடர்புடையது. துயரத்தைக் குறிக்கும் டீன், பழைய ஆங்கிலத்தின் 'டேயோனா' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தீங்கு, அவமதிப்பு என்பவையே அதன் முதற்பொருள். பிறகு அந்தத் தீங்கினால் எழும் சினத்தையும் மனவேதனையையும் அது குறித்தது. காலப்போக்கில் துயரம் என்ற பொருள் மேலோங்கியது. தீங்கு செய்தவரின் செயலுக்குப் பெயராக இருந்த சொல், அதை அனுபவித்தவரின் உள்ளத்துக்குப் பெயராகிவிட்டது.

தமிழ் கற்கும் மாணவிகளுக்கு இந்தத் தொடர்பு புதிதல்ல. அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் இடங்களாகத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினைக் கூறுகிறார். அவற்றில் இளிவு என்பது பிறரால் இகழப்பட்டுத் தாழ்வது. இழப்பினால் மட்டுமன்றி இகழ்ச்சியினாலும் மனிதர் அழுவர் என்பதை நமது இலக்கணமும் கண்டுகொண்டது.

ஷேக்ஸ்பியர் இச்சொல்லைப் பல இடங்களில் கையாண்டிருக்கிறார். 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் எண்பது வயதைக் கடந்த யோர்க் சீமாட்டி தன் வாழ்க்கையை அளந்து பார்க்கிறார். மகிழ்ச்சிக்கு மணித்தியாலக் கணக்கு. டீனுக்கோ வாரக் கணக்கு. 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தில் இச்சொல் வேடிக்கையாக வருகிறது. ஜூலியட்டுக்கு இன்னும் பதினான்கு வயதாகவில்லை என்பதற்குத் தன் பதினான்கு பற்களைப் பந்தயம் வைக்கும் தாதி, இருப்பது நான்கே என்பதைத் தன் டீனாகச் சொல்லிக்கொள்கிறாள். 'போர்டீன்' என்ற எண்ணும் டீன் என்ற துயரமும் ஒலியால் மோதுவதில்தான் அங்கு சிரிப்பு பிறக்கிறது.

என் மனதைத் தொட்டது 1611 அளவில் எழுதப்பட்ட 'புயல்' நாடகத்தில் வரும் இடம். தம்பியால் வஞ்சிக்கப்பட்ட புரொஸ்பெரோ, மூன்று வயதுகூட நிரம்பாத மகளோடு கடலில் விடப்பட்டவர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கதையை மகள் மிரண்டாவிடம் சொல்கிறார். தன்னால் தந்தைக்கு நேர்ந்த டீனை எண்ணி அவள் நெஞ்சு வருந்துகிறது. அந்தக் குழந்தையின் சிரிப்பே தன்னைத் தாங்கியது என்று தந்தை பின்னர் கூறுகிறார். துன்பம் கொடுத்தேனோ என்று மகள் அஞ்சியது தந்தைக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

பேச்சில் மங்கிய பிறகும் கவிஞர்கள் இச்சொல்லைக் கைவிடவில்லை. அது ஓரசைச் சொல். 'கண்ட', 'பச்சை', 'அரசி' ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களான சீன், கிறீன், குயீன் என்பவற்றோடு இயைபுத் தொடையாக எளிதில் பொருந்தும். மத்தியூ ஆர்னல்ட் 1853இல் வெளியிட்ட 'த ஸ்கொலர் ஜிப்ஸி' என்ற கவிதையில் பேரின்பத்தைக் குறிக்கும் சொல்லுக்கு இணையாக டீனை நிறுத்துகிறார். அக்கவிதையின் கதை 17ஆம் நூற்றாண்டு நூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. பழைய கதைக்குப் பழைய சொல் அழகு சேர்க்கிறது. நமது செய்யுள்களில் திரிசொற்கள் செய்யும் வேலையும் இதுதானே!

இனி இச்சொல் பேச்சுக்குத் திரும்பப் போவதில்லை. ஆனால் அதன் வேர் எங்களிடம் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. பதினேழு வயதில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "இந்த வயசில ஒனக்கென்ன கவல?" என்பது. அன்போடுதான் கேட்கிறார்கள். ஆயினும் அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நிறத்தையோ, உயரத்தையோ, பரீட்சைப் பெறுபேற்றையோ பற்றி யாரோ விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை, ஒரு பிள்ளையின் உள்ளே மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். இளிவு அழுகையாவதும், டேயோனா டீனாவதும் இப்படித்தான்.

ஆகவே பெற்றோரிடமும் தோழியரிடமும் நான் வேண்டுவது ஒன்றே. ஒருத்தி வாடியிருந்தால், "என்ன நடந்தது? யார் என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.